காப்புப் பருவமும் ஆயாக் கொட்டகையும்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தைக் கற்பிக்காத தமிழாசிரியர் இல்லை. கல்லாத தமிழ் மாணவரும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கிக் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் வரையிலும், அதற்குப் பின்னரும், இவ்வகை நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுகின்றன. அவற்றுள் முதலாவது காப்புப் பருவம். தாலாட்டும் தாற்பருவம் அதற்குப் பின்னரே வருகிறது. முத்தம் கேட்கும் பருவமும் நிலவை அழைக்கும் பருவமும் இன்னும் பின்னால் வருகின்றன. குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன் அதனைக் காக்க வேண்டும் என்னும் முறைவைப்பு இது. காக்கும் கடவுளாகிய திருமாலை முதலில் அழைத்துப் பாடும் மரபும் இக்கருத்தை வலியுறுத்துவதே ஆகும்.

அரண்மனைக் குழந்தைக்கும் தெய்வக் குழந்தைக்கும் புலவர்கள் காப்புப் பாடினார்கள். கடல் கடந்து வந்து பால்மரக் காட்டில் உழைத்த ஏழைத் தாயின் குழந்தைக்குக் காப்புச் செய்தவர் யார்? அந்தக் குழந்தை கிடந்த இடம் எத்தகையது? அதன் தரையைக் கூட்டியவர் யார்? தூளிக் கயிறு அறுந்தால் மாற்றவேண்டிய பொறுப்பு யாருடையது? இவை சிறிய வினாக்களாகத் தோன்றலாம். ஆயினும் மலேசியத் தமிழர் வரலாற்றில் எவரும் விரித்தெழுதாத ஒரு பக்கம் இவ்வினாக்களுக்குள் அடங்கியுள்ளது. அப்பக்கத்தின் பெயர் ஆயாக் கொட்டகை.

விடியலுக்கு முன் ஓர் ஊர்

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் நகருக்கும் கூலாய்க்கும் இடையே, ரெங்கத்தை அடுத்து இரயில் பாதையோரம் அமைந்த சிற்றூர் லாயாங் லாயாங். தகைவிலான் குருவிக்கும், சிறுவர் பறக்கவிடும் பட்டத்துக்கும் மலாய்மொழியில் வழங்கும் பெயர் இது. 1909-ஆம் ஆண்டு ஜொகூர் இரயில் பாதை முற்றுப்பெற்றபின், அப்பாதையின் இருமருங்கும் இருந்த காடுகள் இரப்பர்த் தோட்டங்களாக மாறின. மரம் நடவும் பால் வெட்டவும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் வழியாக மக்கள் கொண்டுவரப்பட்டனர். லாயாங் லாயாங் வட்டாரத்து உலு ரெமிஸ் என்னும் பெயர், பிற்காலத்தில் எண்ணெய்ப்பனை விதையினத்தின் பெயராக உலகத்து வேளாண் நூல்களிலெல்லாம் இடம்பெற்றது. விதைக்குப் பெயர் நிலைத்தது. அம்மண்ணில் உழைத்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்த கொட்டகைகளுக்கு ஏட்டில் இடம் கிடைக்கவில்லை.

இரப்பர் மரம் விடியற்காலையில்தான் தாராளமாகப் பால் சுரக்கும். இரவில் மரத்தினுள் நீர் நிறைந்து அழுத்தம் மிகுந்திருக்கும்; வெயில் ஏற ஏற அவ்வழுத்தம் குறைந்து பால் வற்றும். ஆகவே, கதிரவன் எழுமுன் வெட்டுத் தொடங்க வேண்டும். அதற்கும் முன்னே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும். தாய் நான்கு மணிக்கே எழுந்து, உலை வைத்து, உறங்கும் குழந்தையைத் துணியோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இலயத்தைவிட்டுப் புறப்படுவாள். கணவனும் மனைவியும் இருவருமே வெட்டுக்குப் போகும் குடும்பத்தில் குழந்தையை யாரிடம் விடுவது? மரத்தடியில் கிடத்தினால் எறும்பும் அட்டையும் கொசுவும் மொய்க்கும். ஏழு வயது அக்காளிடம் விட்டால் அவளுடைய படிப்புப் பாழாகும். இந்த இக்கட்டிலிருந்து பிறந்ததே பிள்ளைக் கொட்டகை. அதனைக் காத்த மூதாட்டியின் பெயராலே மக்கள் அதனை ஆயாக் கொட்டகை என வழங்கினர்.

பாலுக்காகக் கட்டிய கொட்டகை

பணிக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்குத் தனியிடம் வேண்டும் என்னும் எண்ணம் ஐரோப்பாவில் ஆலைத்தொழில் பெருகிய காலத்தில் வலுப்பெற்றது. 1844-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் பிர்மின் மார்போ என்பவர் ஏழைத் தாய்மாருக்காக ஒரு குழந்தைக் காப்பகம் தொடங்கினார். கிரெஷ் என்று அதற்குப் பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல் மாட்டுத் தொழுவத்துத் தீவனத் தொட்டியைக் குறிக்கும். ஏசுபெருமான் பிறந்து கிடந்த தொட்டியை நினைவூட்டவே அப்பெயர் சூட்டப்பெற்றது. அச்சொல்லே ஆங்கிலத்தின் வழியாகத் தொழிற்சட்டங்களுக்குள்ளும் நுழைந்தது.

மார்போவின் காப்பகம் அறச்செயலாகத் தோன்றியது. மலாயாத் தோட்டத்துக் கொட்டகையின் பிறப்பை அவ்வாறு சொல்ல இயலாது. வெட்டுக்குப் போகும் பெண்ணின் கைகளைத் தோட்டம் இழக்கக் கூடாது என்பதே அதன் முதற்காரணம். 1907-இல் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்பட்டபின், ஆள் கொண்டுவரும் செலவைத் தோட்ட முதலாளிகள் எல்லாரும் பகிர்ந்துகொண்டனர். அவ்வாறு செலவிட்டுக் கொணர்ந்த ஆள் நோயால் விழுவதும், அவர் குழந்தை மடிவதும் நட்டக்கணக்கில் ஏறின. 1923-ஆம் ஆண்டின் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. நம் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் இதனைக் குறிப்பிடுவர். பள்ளிக்குச் செல்லும் வயது வராத பிள்ளையின் கதையை அவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால், அப்பள்ளிக்கு வந்த மாணவர் அனைவரும் முதலில் ஆயாக் கொட்டகையின் தரையில் தவழ்ந்தவர்களே. தமிழ்ப்பள்ளிக்கு முன்பள்ளி அக்கொட்டகைதான்.

அதன் தோற்றத்தைச் சொல்லவேண்டுமானால் ஒரு நீண்ட அறை. பலகைச் சுவர், மேலே அத்தாப்பு அல்லது தகரக் கூரை, கீழே மண் அல்லது சிமெண்டுத் தரை. குறுக்கே ஓடும் உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். மூலையில் அடுப்பு, வெந்நீர்ப் பானை. வெளியே தண்ணீர்த் தொட்டி. வெட்டுக்குப் போக இயலாமல் தளர்ந்துவிட்ட ஒரு மூதாட்டி. பிள்ளைகள் மிகுந்தால் துணைக்கு இன்னொரு பெண். ஆயாவுக்கு வெட்டுக்காரியைவிடக் குறைந்த கூலி. அவ்வளவே அந்நிறுவனத்தின் மொத்தச் சொத்து.

செங்கீரையும் தரையும்

ஐந்தாம் மாதத்துக் குழந்தை ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவதைச் செங்கீரை என்பர். பாட்டில் அது பேரழகு. ஆனால், அக்குழந்தை கையூன்றும் தரை எது என்பதைப் புலவர்கள் எண்ணவேண்டிய தேவை இருந்ததில்லை. ஆயா எண்ணவேண்டியிருந்தது.

தோட்டத்துக் குழந்தைகளை வாட்டிய நோய்களில் பல தரையிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவையே. கொக்கிப்புழுவின் இளம்புழு, மலத்தால் கெட்ட ஈரமண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்பினுள் ஏறிக் குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். சோகை பிடித்து வயிறு பருத்த குழந்தைகள் தோட்டந்தோறும் இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். வயிற்றுப்போக்கும் சீதபேதியும் ஈயின் காலிலும் கழுவாத கையிலும் வந்தன. காய்ச்சலைக் கொசு கொணர்ந்தது. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், கிள்ளான் வட்டாரத்தில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் வடிகால் வெட்டியும், தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தும் மலேரியாவை அடக்கிக் காட்டினார். 1924-இல் தோட்டங்களின் சுகாதாரத்தை ஆராய ஓர் ஆணையமும் அமர்த்தப்பெற்றது. குடிநீர், மலக்கூடம், வடிகால் ஆகிய மூன்றும் சீர்ப்பட்டால் மருந்துக்கு வேலை குறையும் என்னும் உண்மை மெல்ல மெல்ல நிருவாகத்தாருக்கு விளங்கியது.

மேலிடத்தார் அறிக்கைகளின் வழியே கற்றதை, ஆயா தன் அன்றாட வேலையில் செய்துவந்தாள். பிள்ளைகள் வருமுன்பே விளக்கு வெளிச்சத்தில் தரையைக் கூட்டுவாள். தென்னீர்க்குத் துடைப்பத்தால் நீரூற்றித் தேய்த்து, வாசல்வரை தள்ளிவிடுவாள். வடிகாலில் நீர் நிற்கிறதா என்று பார்ப்பாள். ஈரத்துணிகளை வேறாக வைத்து, வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துவாள். மழைக்காலத்தில் அவை உலராமல் அடுப்பருகே கொடியில் தொங்கும். குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுவாள். பால்மாவு கரைக்கும் குவளையையும் கரண்டியையும் சாம்பலிட்டுத் தேய்த்துச் சுடுநீரில் முக்குவாள். மருந்து கொடுப்பவரான டிரெசர் வரும் நாளில் புண்ணுள்ள பிள்ளையைத் தனியே இருத்தி வைப்பாள். சொறி கண்ட பிள்ளையின் தூளியில் மற்றொரு பிள்ளையைப் போடமாட்டாள். ஒவ்வொரு குழந்தையின் தூளித்துணியும் அதன் தாயின் பழஞ்சேலையாகவே இருந்தது. வறுமையால் நேர்ந்த வழக்கமே எனினும், ஒருவர் துணியை மற்றவர் பயன்படுத்தாத நல்ல முறையும் அதனால் தானே அமைந்தது.

எல்லாத் தோட்டங்களிலும் இவ்வாறே நடந்தது என்று கூறுவது வரலாறாகாது, அது புகழ்ச்சியாகிவிடும். நாற்றமும் ஈயும் நிறைந்த கொட்டகைகள் பல இருந்தன. முப்பது பிள்ளைகளை ஒருத்தி பார்த்த இடத்தில் தூய்மை எப்படி நிலைக்கும்? தண்ணீர்த் தொட்டி வற்றிய நாளில் எந்த ஆயாவால் தரையைக் கழுவ முடியும்? துடைப்பம் ஆயாவின் கையில் இருந்தது. நீர்க்குழாய் நிருவாகத்தின் கையில் இருந்தது. இந்தப் பிரிவினையே நம் ஆய்வின் மையம்.

தாலும் தூளியும்

அடுத்தது தாற்பருவம். தால் என்பது நாக்கு; நாவசைத்துப் பாடும் பாட்டே தாலாட்டு. குழந்தையைத் துயிற்றும் தொட்டிலோடு இப்பருவம் பிரிக்கவொண்ணாதது. ஆயாக் கொட்டகையின் தலையாய கருவியும் தூளியே. விளையாட்டுப் பொருளோ, மெத்தையோ, நாற்காலியோ அங்கு இல்லை. ஆகவே, கருவிகளைப் பேணுதல் என்றால் அங்கே கயிற்றையும் உத்தரத்தையும் பேணுதலே ஆகும்.

தூளிக் கயிறு நடுவில் அறுவதில்லை. உத்தரத்தோடு உராயும் இடத்தில், மேலே, கண்ணுக்கு எட்டாத வளைவில்தான் நார் நாராகத் தேயும். கீழே நின்று பார்ப்பவருக்குக் கயிறு நல்லதாகவே தோன்றும். முக்காலிமீது ஏறி, முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இப்போது கடைகளில் விற்கும் சுருள்கம்பித் தொட்டிலுக்கும் இவ்விதி பொருந்தும். கொக்கியின் உள்வளைவில் துரு ஏறும்; கம்பி தன் நெகிழ்ச்சியை இழக்கும்; வெளியே பளபளப்பு மாறாது. பேணுதல் என்பது கெட்டபின் சீர்செய்வது அன்று, கெடுமுன் பார்ப்பது.

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. லாயாங் லாயாங் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தின் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவன் நான். அறுபதுகளின் நடுப்பகுதி அது. என் தம்பி அப்போது எட்டுமாதக் குழந்தை. எங்கள் ஆயா ஒரு நாள் மாலையில் என் அன்னையிடம், "மேக்கயிறு நஞ்சு போச்சு தாயி, மூணு தடவ கங்காணிக்கிட்ட சொல்லிட்டேன். ஸ்டோருல கயிறு இல்லேங்கிறாங்க" என்றார். அடுத்த வாரம் அக்கயிறு அறுந்தது. தம்பியின் வலக்கை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது பெரிது என்று அன்னை எண்ணிக்கொண்டார். மறுநாளே ஸ்டோரில் கயிறு கிடைத்தது. அந்த மாதக் கடைசியில் ஆயாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கவனக்குறைவு என்று காரணம் சொன்னார்கள்.

அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தம்பியின் கட்டுப்போட்ட கையைத் தடவியபடி நெடுநேரம் பேசாதிருந்தார். என் அன்னை அவரைக் குறைகூறவில்லை. ஆனால், அவருக்காக எவரிடமும் போய்ப் பேசவுமில்லை. பேசினால் அன்னையின் வேலைக்கும் ஊறு நேரும். இன்று நினைத்தாலும் அந்த மௌனம் என்னை உறுத்துகிறது. பொறுப்பை ஒருவர் தலையிலும், அதற்கு வேண்டிய அதிகாரத்தை மற்றொருவர் கையிலும் வைத்தால் என்ன நேரும் என்பதற்கு அக்கயிறே சான்று. தூய்மை கையுழைப்பால் அமையும். பாதுகாப்போ கையுழைப்பால் மட்டும் அமைவதில்லை.

வருகையும் வாசலும்

குழந்தை தளர்நடை பயின்றதும் வருகைப் பருவம். வருக வருக என்று புலவர் அழைப்பர். கொட்டகையிலோ, நடக்கத் தொடங்கிய பிள்ளையை வாசலைத் தாண்டவிடாமல் தடுப்பதே ஆயாவின் பெரும்பாடு. வாசலுக்கு அப்பால் தோட்டம் இருந்தது. தோட்டத்திலோ பிள்ளைக்குக் கேடு செய்யும் பொருள்கள் பல இருந்தன.

பாலை உறையவைக்கப் பார்மிக் அமிலம் பயன்பட்டது. தோலில் பட்டால் வெந்துபோகும். வாயில் பட்டால் உயிருக்கே இடர். களைகளைக் கொல்ல நெடுங்காலம் சோடியம் ஆர்சனைட்டு என்னும் நச்சுமருந்தைத் தெளித்தனர். பின்னர்ப் பாராக்குவாட்டு வந்தது. அதனை மலேசிய அரசு 2002-இல் தடைசெய்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. 2020-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து முற்றிலும் விலக்கியது. இம்மருந்துகள் வந்த காலித் தகரங்களையும் பீப்பாய்களையும் வறுமை காரணமாக மக்கள் நீர் பிடிக்கவும் துணி ஊறவைக்கவும் எடுத்து வந்தனர். "காட்டுத் தகரத்தைக் கொட்டகைக்குள்ள கொண்டாராதீங்க" என்று சொல்லும் ஆயா, வேதியியல் கற்றவர் அல்லர். எனினும் சரியாகவே சொன்னார். இதனோடு மங்கு வெட்டும் கத்தி, மூடாத கிணறு, பால் ஏற்றும் வண்டி, அடுப்பு ஆகியனவும் சேர்ந்தன.

அடுப்பும் கூரையும் தனியே எண்ணத்தக்கவை. பிள்ளைகள் இருக்கும் அறைக்குள்ளேயே அடுப்பும், அதற்கு மேலே காய்ந்த ஓலைக் கூரையும் இருந்த கொட்டகைகள் உண்டு. அங்கே பெரும் விபத்து நேராமற்போனது நற்பேறு. கும்பகோணத்தில் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 2004-ஆம் ஆண்டு சூலை 16-ஆம் நாள், ஒரு தொடக்கப்பள்ளியின் சமையலறையில் பற்றிய தீ கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொன்றது. வழிகள் குறுகியிருந்தன, பிள்ளைகள் வெளியேற இயலவில்லை. அதன் பின்னரே தமிழகத்துப் பள்ளிகளில் ஓலைக்கூரைகளை அகற்றும் பணி விரைவு பெற்றது. அடுப்பைத் தனியறைக்கு மாற்றுவதற்கும், இரண்டாவது கதவு ஒன்று வைப்பதற்கும் ஆகும் செலவு எவ்வளவு? அந்தச் சிறுசெலவைத் தள்ளிப்போட்டதற்கு அங்கே பெற்றோர் கொடுத்த விலையை எண்ணிப்பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை.

சட்டம் எழுதியது

ஆயா செய்த வேலையைச் சட்டம் எப்போது எழுத்தில் வடித்தது? விடுதலை பெற்ற இந்தியா 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இதற்கென ஒரு பிரிவை ஒதுக்கியது. பெண்கள் குறித்த எண்ணிக்கைக்கு மேல் பணிபுரியும் ஆலையில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும்; அங்கே போதிய வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும்; அது தூய்மையான நிலையில் பேணப்படவேண்டும்; குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்று அது விதித்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவ்வுரிமையை நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுசென்றது. இலங்கை மலையகத்தில் பிள்ளைக் காம்பரா என்று மக்கள் வழங்கிய இடமும் காலப்போக்கில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்னும் புதுப்பெயர் பெற்றது.

சட்டம் எட்டாத இடங்களும் இருந்தன. 1969-இல், காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவையொட்டித் தில்லியில் கட்டட வேலை நடந்த இடத்தில், வேலைக்கு வந்த தாய்மாரின் குழந்தைகள் மண்ணிலும் கல்லிலும் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் என்னும் அம்மையார், அவ்விடத்திலேயே ஒரு காப்பகம் அமைத்தார். வேலை இடம் மாறும்போது காப்பகமும் உடன்செல்லும் இயக்கமாக அது வளர்ந்தது.

மலேசியாவில் 1966-ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வசதிக்கெனச் சட்டம் வந்தது. 1984-இல் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கான தனிச்சட்டம் இயற்றப்பெற்றது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரையோ அதற்கு மேற்பட்டோரையோ ஊதியம் பெற்றுக் கவனிக்கும் எந்த இடமும் சமூகநலத் துறையில் பதிவு பெறவேண்டும் என்பது அதன் சாரம். தாஸ்கா என்று இன்று நாம் வழங்குவது இதுவே. 1990-ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கான வீடுகளோடு பிள்ளைக் காப்பகங்களுக்கும் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. ஒரு வயது நிரம்பாத பிள்ளைகள் மூவருக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐவருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயதுவரை பதின்மருக்கு ஒருவர் என்று பராமரிப்பாளர் எண்ணிக்கையும் பின்னர் வரையறுக்கப்பெற்றது. முப்பது பிள்ளைகளோடு தனியே நின்ற ஆயாவை நினைத்துப்பார்த்தால் இவ்வெண்களின் பொருள் விளங்கும்.

இச்சட்டங்களின் சிறப்பு, அவை தூய்மையை வற்புறுத்தியதில் மட்டும் இல்லை. பதிவு பெற்றவர் யாரோ அவரே பொறுப்பாளி என்று வரையறுத்ததில் இருக்கிறது. கயிறு அறுந்தால் ஆயாவை நிறுத்திவிட்டுக் கைகழுவ முடியாது. கட்டடத்தைத் தீயணைப்புத் துறையும், சுகாதாரத் துறையும், ஊராட்சி மன்றமும் பார்த்து ஒப்பவேண்டும். குறை கண்டால் நிலையத்தை நடத்துபவர் விடை சொல்லவேண்டும். என் தம்பியின் கை முறிந்த நாளில் இத்தகைய சட்டம் இருந்து, அது எங்கள் தோட்டம்வரை எட்டியும் இருந்திருந்தால், அந்த மூதாட்டி தலைகுனிந்து போயிருக்க வேண்டியதில்லை.

நோய்களும் புதுவடிவில் வருகின்றன. 1997-இல் சரவாக்கில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவிக் குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். 2018-இலும் அந்நோய் நாடெங்கும் பரவியது. தாஸ்காக்களும் பாலர் பள்ளிகளும் பல மூடப்பட்டன. உமிழ்நீர், கொப்புள நீர், மலம் ஆகியவற்றின் வழியே பரவும் இந்நோய்க் கிருமி, ஒரு குழந்தை வாயில் வைத்த பொம்மையிலிருந்து அடுத்த குழந்தைக்குத் தாவும். சோப்பிட்டுக் கைகழுவுதலும், பொம்மைகளையும் தரையையும் கழுவிக் குளோரின் கலந்த வெளுப்பு நீரால் துடைத்தலும், நோயுற்ற பிள்ளையை வீட்டில் இருத்துதலுமே தடுப்பு. சொறிகண்ட பிள்ளையின் தூளியைத் தனியே வைத்த ஆயாவின் முறைக்கும் இதற்கும் கொள்கையளவில் வேற்றுமை யாதுமில்லை.

மறைந்த கொட்டகை, மறையாத கடமை

எழுபது, எண்பதுகளில் இரப்பர் மரங்கள் சாய்ந்து எண்ணெய்ப்பனை ஓங்கியது. வேலை முறை மாறியது, ஆள்தேவை குறைந்தது, தமிழ்க் குடும்பங்கள் நகர்ப்புறம் நோக்கிப் பெயர்ந்தன. இலயங்கள் இடிக்கப்பட்டபோது ஆயாக் கொட்டகைகளும் இடிந்தன. கோயிலுக்கும் பள்ளிக்கும் மாற்றிடம் கேட்டுப் போராடினோம்; அது நியாயமே. ஆயாக் கொட்டகைக்காக எவரும் கேட்கவில்லை. அதன் அடித்தளச் சிமெண்டுத் துண்டுகூட இன்று பனைமட்டைகளின் கீழ்ப் புதைந்து கிடக்கிறது. அங்கு உழைத்த பெண்களுள் எத்தனைபேர் பெயர் நம் தோட்ட வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளது? துரைமார் பெயரை அறிவோம். கங்காணிமார் பெயரையும் ஓரளவு அறிவோம். நம்மைக் கழுவித் துடைத்து வளர்த்தவர் வெறும் ஆயாவாகவே நின்றுவிட்டார்.

இங்கேதான் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் வளர்ந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் பள்ளியைப் பற்றியும் திருவிழாவைப் பற்றியும் கேட்பதோடு, ஆயாக் கொட்டகையைப் பற்றியும் கேளுங்கள். தரை மண்ணா, சிமெண்டா? தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஆயாவின் பெயர் என்ன? எத்தனை பிள்ளைகளை அவர் பார்த்தார்? விழுந்த பிள்ளை உண்டா? யார்மீது பழி வந்தது? ஒரு பள்ளி மாணவர் பத்து முதியோரிடம் கேட்டு எழுதினால், இதுவரை எழுதப்படாத வரலாற்றின் ஓர் இயல் உருவாகிவிடும்.

மற்றொன்றும் உண்டு. நம் தமிழ்ப்பள்ளிகளில் இன்று பாலர் வகுப்புகள் நடைபெறுகின்றன. நம் பெண்கள் பலர் தாஸ்காக்களில் பணியாற்றுகின்றனர். அவர்களே இக்காலத்து ஆயாக்கள். அவர்களுள் ஒருவர், ஊஞ்சலின் கொக்கி தேய்ந்துவிட்டது, மின்விசிறி ஆடுகிறது, வடிகால் மூடி உடைந்துவிட்டது, மருந்துப் பெட்டியின் பூட்டுச் சரியில்லை என்று சொன்னால், அச்சொல்லை எழுதிவைத்து அன்றே செயற்படும் பழக்கம் நிருவாகத்தில் இருக்கிறதா என்று பெற்றோர் கேட்கவேண்டும். தரை பளபளக்கிறதா என்று பார்ப்பது எளிது. சொன்ன குறை தீர்ந்ததா என்று பார்ப்பதே உண்மையான சோதனை. மூன்று முறை சொல்லியும் கயிறு மாறாத இடத்தில், எவ்வளவு கூட்டினாலும் பெருக்கினாலும் காப்பு என்பது இல்லை.

பிள்ளைத்தமிழில் காப்புப் பாடும் புலவர், தெய்வங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழைத்துக் குழந்தையின் பக்கத்தில் நிறுத்துவார். பால்மரக் காட்டுக் குழந்தையின் பக்கத்தில் நின்றவள் ஒரு கிழவி. அவள் கையில் ஒரு துடைப்பம். அடுப்பில் ஒரு வெந்நீர்ப் பானை. அவள் கேட்டது ஒரு முழம் கயிறு. அதனைக் காலத்தில் கொடுக்கத் தவறிய சமுதாயத்தில் பிறந்தவர்கள் நாம். இனிவரும் குழந்தைகளுக்கேனும் அது கேட்டவுடன் கிடைக்கட்டும்.